கார்குழலியின் விடுப்புக் கடிதம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் முத்தியால்பேட்டையில் இருந்த அந்தப் பெண் பிள்ளைகள் இல்லத்தில் மீன் குழம்பு. வைத்திக்குப்பத்திலிருந்து காலை எட்டு மணிக்கே மீன் கூடை வந்துவிடும். முப்பத்திநாலு பிள்ளைகளுக்கு வஞ்சிரம் வாங்கிக் கட்டுப்படியாகுமா? மலிவான கவலை மீன்தான் வரும். அதில் ருசி எவ்வளவோ முள்ளும் அவ்வளவு. ஆகவே ஞாயிறு மதியம் இல்லத் தாய் செல்வாம்பாளுக்கு வேறு வேலை ஓடாது. பந்தியின் ஒரு கோடியில் ஆரம்பித்து மறு கோடிவரை ஒவ்வொரு தட்டின் முன்னாலும் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டே போவாள்.

ஆறு வயதுப் பிள்ளைக்கு முள் எடுத்துக் கொடுப்பது நியாயம். செல்வாம்பாள் பதினேழு வயது பூர்ணிமாவுக்கும் எடுப்பாள். பூர்ணிமாவும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி காத்திருப்பாள்.

"இன்னாக்கா, கட்டிக் குடுத்த ஊட்லயும் நீயே கூடப் போயி முள்ளு எடுத்துப் போடுவியா?" என்றாள் சமையல்காரி வேம்பு. வாரம் தவறாமல் கேட்கிற கேள்வி அது.

"போடுவேன். உனக்கு இன்னா வந்துச்சி?" என்றாள் செல்வாம்பாள். அதுவும் வாரம் தவறாத பதில்தான்.

பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள் செல்வாம்பாள். இருபத்தெட்டு வயதில் கணவனை இழந்தாள். பிள்ளை இல்லை. அந்த இல்லத்துக்கு வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையைத் தனியாகக் கடைக்கு அனுப்பியதில்லை. அடுப்பங்கரைக்குள் விட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேன், ஆஸ்பத்திரிக்கு இவள் துணை. சான்றிதழ், ஆதார் அட்டை, பேங்க் புத்தகம் எல்லாம் இவளுடைய பீரோவுக்குள். சோப்பு தீர்ந்துபோனதுகூடப் பிள்ளைக்கு முன்னால் இவளுக்குத் தெரியும். "எம் பொண்ணுங்க மேல ஒரு தூசு படாது" என்பது அவளுடைய பெருமை. பார்க்க வருகிற பெரிய மனிதர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று அவள் பயந்ததில் தப்பும் இல்லை. ஆனால் பயந்தவள், அந்தக் கெட்ட காலத்துக்குள்தான் ஒருநாள் இந்தப் பிள்ளைகள் இறங்கி நடக்கப் போகிறார்கள் என்பதை மட்டும் மறந்துபோனாள்.

அன்று பூர்ணிமாவின் தட்டில் கை வைத்திருந்தபோது வெளிக்கதவு தட்டும் சத்தம் கேட்டது. மீன் கையோடு எழுந்து போய்த் திறந்தாள். இல்லத்தில் வளர்ந்து, படிக்கப் போன கார்குழலி நின்றிருந்தாள். தோளில் ஒரு பை. முகம் சுண்டிப் போயிருந்தது. போன ஏழு வாரத்தில் பாதி ஆளாக இளைத்திருந்தாள்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். செல்வாம்பாளுக்கு முதலில் வந்தது கவலை இல்லை, சந்தோஷம். வாசலில் நின்றது தன் பெண், தன்னைத் தேடி வந்திருக்கிறது என்கிற சந்தோஷம். உள்ளே இழுத்துக்கொண்டு போய்த் தட்டு வைத்து, சோறு போட்டு, முள் எடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

கார்குழலி நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான் பேசினாள்.

"அம்மா, நான் இங்கயே இருந்துடறேம்மா. படிப்பு எனக்கு ஒத்து வரல. வேம்பு அக்காவுக்கு ஒத்தாசையா கிச்சன்ல வேலை போட்டுக் குடுங்க. சம்பளம்லாம் வேணாம்."

"வந்ததும் வராததுமா இன்னாடி பேச்சு இது. மொதல்ல சாப்பிடு" என்றாள் செல்வாம்பாள். ஆனால் மனசுக்குள் பாய் எங்கே விரிப்பது என்று இடம் பார்த்தாகிவிட்டது. கைகழுவிய கையோடு அறக்கட்டளைச் செயலாளர் கிருஷ்ணசாமிக்குப் போன் போட்டாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர், நல்ல மனிதர். சமையல் உதவியாளர் இடம் காலியாகத்தானே இருக்கிறது, செவ்வாய்க்கிழமை உத்தரவோடு வருகிறேன், பெண் நம்மிடமே இருந்தால் பாதுகாப்புதானே என்றார் அவர்.

கேட்டுக்கொண்டிருந்த வேம்புவின் முகம் கோணியது. "ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற படிப்பு படிக்கப் போன பொண்ணு. எங்கூட குந்திக்கினு வெங்காயம் உரிக்கவா வந்துகீது?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள்.

கார்குழலி ஆறு வயதில் அந்த இல்லத்துக்கு வந்தவள். தாய் இல்லை, தகப்பன் என்று யாரும் தேடி வரவில்லை. படிப்பில் கெட்டி. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, கோரிமேட்டில் ஒரு கல்லூரியில் ஆய்வகப் பயிற்சிப் படிப்புக்கு இடம் பிடித்தாள். பதினெட்டு முடிந்துவிட்டால் இல்லத்தில் தங்க விதியில்லை. நெல்லித்தோப்பில் ஒரு வீட்டு மாடியில் அறை பார்த்துக் கொடுத்தார்கள்.

கிளம்பின அன்று கூட்டம் போட்டு வழியனுப்பினார்கள். "இன்று முதல் நீ யாரையும் எதிர்பார்க்கக் கூடாது, சொந்தக் காலில் நிற்க வேண்டும்" என்று கிருஷ்ணசாமி பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். செல்வாம்பாள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "இனிமே நீ பெரிய மனுஷி. எதுக்கெடுத்தாலும் அம்மா அம்மான்னு இங்க ஓடி வரக் கூடாது, இன்னா?" என்றாள். கார்குழலி "சரிம்மா" என்றாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் போன் வரும். நல்லா இருக்கேம்மா என்பாள். செல்வாம்பாளும் பெண் நன்றாக இருப்பதாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை, அறையைக் காலி செய்கிறோம் என்று சொல்லிவிட்டுச் சாமான்களை எடுத்துவரலாம் என்று செல்வாம்பாள் ஷேர் டெம்போ ஏறி நெல்லித்தோப்புக்குப் போனாள். வீட்டுக்காரம்மாள் அஞ்செல் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் பிரூனோ பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பிள்ளைகள் பிரான்சில். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்தால் அஞ்செல் விடமாட்டாள்.

"போன்ழூர் மதாம், வாங்க. பொண்ணு பத்திரமா வந்து சேந்துச்சா? சொல்லிட்டுத்தான் போச்சி. உக்காருங்க, காப்பி போடறேன்."

"இருக்கட்டும்மா. பொண்ணால ஏதாச்சும் தொந்தரவா?"

"ஐயோ, தங்கமான பொண்ணு மதாம். குறை சொல்றேன்னு நெனைக்காதீங்க, ஒன்னு மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் வெளங்கல. வந்த அன்னிக்கி மாடியிலேர்ந்து எறங்கி வந்து, குளிக்கட்டுமா ஆன்ட்டின்னு கேட்டுச்சி. தண்ணி வரலியோன்னு நான் மோட்டாரப் போட்டு உட்டேன். கொஞ்ச நேரங்கழிச்சி மறுபடி வந்து, சாப்பிடட்டுமா ஆன்ட்டிங்குது. மறுநாளும் அதேதான். ஃபேன் போட்டுக்கட்டுமா, லைட்ட நிறுத்தட்டுமா. ஒவ்வொண்ணுக்கும் படி எறங்கி வரும். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சி. பிரூனோதான், சிரிக்காதடின்னாரு. அவரு பட்டாளத்துல சொல்தாவா இருந்தப்ப லீவுல வீட்டுக்குப் போற பசங்க இப்பிடித்தான் இருப்பானுங்களாம். எழுந்து நிக்கறதுக்குக்கூட யாரையாச்சும் தேடி உத்தரவு கேப்பானுங்களாம்."

அஞ்செல் சாதாரணமாகத்தான் சொன்னாள். செல்வாம்பாளுக்குக் கன்னத்தில் ஒன்று வைத்த மாதிரி இருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"சோறு ஆக்குன கதை சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டா. ஒரு ஆளுக்கு ஒரு படி அரிசி போட்டுட்டா மதாம். நான்தான் அடுப்பப் பத்த வெச்சிக் குடுத்தேன், காஸ் அடுப்புன்னா அவளுக்குப் பயம். பத்த வெச்சிட்டு நான் கீழ எறங்கிட்டேன். கொஞ்ச நேரத்துல குண்டான் ரொம்பி சோறு அடுப்பெல்லாம் வழியுது. எங்க வீடு, பக்கத்து வீடு, எதிர் வீடு, அன்னிக்கி மூணு வீட்டுக்கும் அவ சோறுதான். அதோட அடுப்பத் தொடவேயில்ல. பன்னும் வாழப்பழமும் தின்னுக்கிட்டு கெடந்தா. நான் குடுத்தா வாங்கிப்பா, வாய் தொறந்து கேக்க மாட்டா."

செல்வாம்பாளுக்குக் காரணம் உடனே புரிந்தது. வேம்பு முப்பத்திநாலு பேருக்குப் படி படியாக அளந்து கொட்டுவதைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறாளே தவிர, ஒரு வயிற்றுக்கு எவ்வளவு அரிசி என்பது அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லித் தெரியும்?

"போன வாரத்துக்கு முன்ன வாரம் காய்ச்சல் வந்து மூணு நாள் படுத்துட்டா. மாத்திரை குடுத்தேன், சரியாச்சி. அப்பறந்தான் ஒரு மாதிரி ஆயிட்டா. தெனம் காலையில குளிச்சி, பைய மாட்டிக்கினு கெளம்புவா. அரை மணி நேரத்துல திரும்பி வந்துடுவா. கேட்டா தலவலிங்கும். பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு திரும்பிடறான்னு பிரூனோ பாத்துட்டு வந்து சொன்னாரு."

மாடி அறையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இல்லத்தில் மடித்துப் பழகிய மாதிரியே போர்வை நாலாக மடிந்திருந்தது. மேசைமேல் நோட்டுப் புத்தகங்கள். மேலே இருந்த நோட்டை எடுத்தபோது உள்ளிருந்து ஒரு படிவம் விழுந்தது. கல்லூரியின் விடுப்புக் கடிதப் படிவம். பெயர், வகுப்பு, விடுப்பு எடுத்த நாட்கள், காரணம் காய்ச்சல், எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பியிருந்தது. கடைசி வரி மட்டும் காலி. பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம் என்று அச்சடித்திருந்த இடம். அதே மாதிரி இன்னும் இரண்டு படிவங்கள் இருந்தன, விடுப்பு நாட்கள் மட்டும் ஒன்றைவிட ஒன்றில் கூடியிருந்தன. மூன்றிலும் அந்த ஒரு வரி காலியாகவே இருந்தது.

மூன்றாவது படிவத்தோடு தபாலில் வந்த கல்லூரியின் அறிவிப்பு ஒன்று குத்தியிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் கடிதத்தோடு நேரில் வராவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று அதில் இருந்தது. செவ்வாய்க்கிழமை என்றால் நாளைக்கு.

சாமான் எதையும் எடுக்காமல் படிவங்களை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு செல்வாம்பாள் திரும்பினாள். டெம்போவில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. வந்திருக்கக் கூடாத நினைப்புதான், ஆனால் வந்தது. ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். நாளைக்கு மாலை தாண்டிவிட்டால் படிப்பும் இல்லை, நெல்லித்தோப்பும் இல்லை. பெண் காலத்துக்கும் தன் பக்கத்திலேயே இருக்கும். வேளைக்குச் சாப்பிடும், கண் முன்னால் தூங்கும். யாருக்கு என்ன நஷ்டம்? வேண்டுமானால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். மணிக்கூண்டு நிறுத்தத்தில் இறங்கும்வரை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தாள். இல்லத்துக்கு வந்து பையை பீரோவில் வைத்துப் பூட்டியும் விட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். செல்வாம்பாள் அலுவலக அறையில் உட்கார்ந்து பால் கணக்கைப் பார்க்கிற மாதிரி எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கார்குழலி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அம்மா, தண்ணி குடிக்கட்டுமா?"

தண்ணீர்ப் பானை அவள் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்ட கேள்விதான். நம் பிள்ளைகள் எவ்வளவு அடக்கம் என்று ஒவ்வொரு தடவையும் பூரித்துப் போன கேள்வி. அன்றைக்கு அதைக் கேட்கச் சகிக்கவில்லை. தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கலாம் என்பதுகூட என் பெண்ணுக்குத் தெரியாமல் பண்ணிவிட்டேனே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. எழுந்துபோய் பீரோவைத் திறந்து படிவங்களை எடுத்து மேசைமேல் போட்டாள்.

"இது இன்னாடி?"

கார்குழலி பார்த்தாள். தலை குனிந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"காய்ச்சல் உட்டு போன அன்னிக்கி, அப்பா அம்மா கையெழுத்து வாங்கிட்டு வான்னு கிளாஸ்ல சொன்னாங்க. எல்லார் முன்னாடியும். எனக்கு அப்பிடி யாரும் இல்லன்னு சொல்ல வாய் வரலம்மா. கையெழுத்து இல்லாம போனா மறுபடி கேப்பாங்க. அதனால ஸ்டாப் வரைக்கும் போவேன். பஸ் வரும். ஏற மாட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் இல்ல? நான் வந்து போட்டிருக்க மாட்டேனா?"

"நீங்கதானேம்மா எதுக்கெடுத்தாலும் ஓடி வரக் கூடாதுன்னு சொன்னீங்க."

"அழுதுக்கிட்டே சொன்னதுடி அது. வாய்வார்த்தைக்குச் சொன்னது."

"நீங்க சொன்னா அப்பிடியே செய்யணும்னுதானேம்மா எங்களுக்குத் தெரியும்."

அந்தப் பெண் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

"அப்பறம் எப்பிடி நேத்து வந்த?"

"பொண்ணா வந்தாத்தானே திட்டுவீங்க. வேலைக்குன்னு வந்தா உள்ள விடுவீங்கன்னு நெனச்சேம்மா."

செல்வாம்பாள் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். யாருடைய அழுகை எது என்று தெரியாத அழுகை. அழுது முடித்ததும் செல்வாம்பாள் மூக்கைச் சிந்திவிட்டு, வழக்கப்படி பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றி அந்தக் காலி வரியில் முனையை வைத்தும் விட்டாள். எத்தனை பரீட்சை மார்க் அட்டைகளில், எத்தனை படிவங்களில் போட்ட கையெழுத்து. ஆனால் கை நகரவில்லை. இந்தக் காய்ச்சலுக்குப் போட்டால் அடுத்த காய்ச்சலுக்கு? தனக்கு ஒன்று ஆகிவிட்டால் அதற்கு அடுத்ததற்கு? பேனாவைத் திருப்பிக் கார்குழலியிடம் நீட்டினாள்.

"நீ போடு."

"நானா? இது பெரியவங்க போடறதும்மா."

"போன மாசத்துக்கு முன்ன மாசம் பேங்க் கணக்க உன் பேருக்கு மாத்துனமே. அங்க யார் போட்டா?"

"நீங்க போடுன்னு சொன்னீங்க. போட்டேன்."

"இப்ப நான் போடுன்னும் சொல்லல, போடாதன்னும் சொல்லல. உனக்கு வயசு எத்தினி, இது யாரோட லீவு, நாளைக்கி அங்க போயி யார் பேசணும், எல்லாத்தையும் உக்காந்து யோசி. கிச்சன் வேலைதான் வேணும்னாலும் அதையும் நீயே முடிவு பண்ணிச் சொல்லு. நான் அந்தப் பக்கம் போறேன்."

சொல்லிவிட்டு விறுவிறு என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். போனவளுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. கத்தரிக்காயை எடுத்தாள், வைத்தாள். திரும்பிப் போய்ப் பார்க்கலாமா என்று மூன்று தடவை எழுந்தாள். மூன்று தடவையும் வேம்பு அவளுடைய முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கொஞ்சம் சும்மா குந்துக்கா. நீ போயி நின்னா அது உம் மூஞ்சத்தான் பாக்கும், காயிதத்தப் பாக்காது."

கால் மணி நேரம் கழித்துக் கார்குழலி வந்தாள். படிவத்தை நீட்டினாள். காலியாக இருந்த வரியில் 'எனக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டது' என்று எழுதி, கீழே தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருந்தாள்.

"நாளைக்கி போறேம்மா. ஏத்துக்குவாங்களான்னு தெரியல."

"ஏத்துக்கலன்னா இங்க வா. இங்க எப்ப வேணா வரலாம். கிச்சனுக்கு ஆளா இல்லடி, பொறந்த வீட்டுக்கு வர்ற மாதிரி வா. ஓடி வரக் கூடாதுன்னு நான் சொன்னது புத்தி கெட்ட பேச்சு. அத மறந்துடு."

வேம்புவுக்கு இந்தக் கண்ணீர்க் காட்சியெல்லாம் பிடிக்காது. "பேசனது போதும். இப்பிடி வாடி" என்று கார்குழலியைக் கையைப் பிடித்து அடுப்பின் முன்னால் நிறுத்தினாள். லைட்டரைக் கையில் கொடுத்தாள். "லைட்டர பக்கத்துல வெச்சிக்க, காஸ கொஞ்சம் திருப்பி ஒடனே தட்டு. பயப்படாத, அது உன்னத் தின்னாது." முதல் இரண்டு தடவை கார்குழலி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மூன்றாவது தடவை நீல நெருப்பு எழுந்தது. "ஒரு டம்ளர் அரிசி. ஒரு வயித்துக்கு அவ்ளோதான். படியெல்லாம் உனக்குக் கல்யாணம் ஆயி ஊர்ப்பட்ட சொந்தம் வர்றப்ப பாத்துக்கலாம்" என்றாள் வேம்பு. கார்குழலி ஏழு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள். சோறு கொஞ்சம் குழைந்துதான் போயிற்று. ஆனாலும் அவள் அதை முழுக்கச் சாப்பிட்டாள்.

அதற்குள் பூர்ணிமாவும் இன்னும் நாலு பெரிய பெண்களும் வாசலில் எட்டிப் பார்த்து, எங்களுக்கும் எங்களுக்கும் என்று நின்றார்கள். நெருப்பு, கொதி தண்ணீர், அரிவாள்மனை என்று செல்வாம்பாளுக்கு ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்து போயிற்று. ஆனால் தடுக்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தோசைகள் எல்லாம் நாலா பக்கமும் இழுத்துக்கொண்டு கிடந்தன. ஒரு பிள்ளையும் குறை சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் செல்வாம்பாள் நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு கிளம்பி நின்றாள். கார்குழலி தயங்கினாள்.

"அம்மா, நீங்க வராதீங்க."

"ஏண்டி? ஓரமா நிக்கறேன். வாயே தொறக்க மாட்டேன்."

"நீங்க வந்தா அவங்க உங்களத்தான் பாத்துப் பேசுவாங்க. நானும் உங்க பின்னாடிதான் நிப்பேன். எனக்கே என்னப் பத்தித் தெரியும்."

வலிக்கத்தான் செய்தது. வலித்தாலும் அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்ன முதல் வார்த்தை அது என்பது செல்வாம்பாளுக்குத் தெரிந்தது. பஸ் நிறுத்தம்வரை மட்டும் கூடப் போனாள். கோரிமேடு பஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டம் முண்டியடித்து ஏறியது. கார்குழலி ஒரு கணம் நின்றாள். செல்வாம்பாள் வேண்டுமென்றே பக்கத்துப் பூக்கடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்த்தபோது பஸ் போயிருந்தது. நிறுத்தத்தில் யாரும் இல்லை.

இல்லத்துக்குத் திரும்பினால் கிருஷ்ணசாமி தட்டச்சு செய்த உத்தரவோடு காத்திருந்தார்.

"எங்கம்மா பொண்ணு? கையெழுத்துப் போட்டு இன்னிக்கே சேந்துக்கட்டும். நமக்கும் நிம்மதி."

"கொஞ்சம் இருங்க சார். அது காலேஜுக்குப் போயிருக்கு. போன் வரட்டும்."

"தனியாவா அனுப்பினீங்க? இந்த நெலமையிலயா?" என்று அவர் பதறினார். செல்வாம்பாள் நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். ஒரு படி சோறு, குளிக்கட்டுமா சாப்பிடட்டுமா, பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பின நாட்கள், காலியாகக் கிடந்த கையெழுத்து வரி, தான் பீரோவில் வைத்துப் பூட்டினது உட்பட. யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்று அவர் மேடையில் பேசியதையும் விடவில்லை. கிருஷ்ணசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பதினொன்றாயிற்று. பன்னிரண்டாயிற்று. இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏற்றுக்கொள்ளாவிட்டால் அந்தப் பெண் எப்படித் தாங்கும், தைரியம் சொல்லி அனுப்பினது தப்போ என்று செல்வாம்பாள் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டரைக்குப் போன் அடித்தது.

"அம்மா, திட்டுனாங்க. ரொம்ப நேரம் நிக்க வெச்சாங்க. கார்டியன் யாருன்னு கேட்டாங்க. எனக்கு அப்பா அம்மா இல்ல, இல்லத்துல வளந்தேன், இப்ப எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சி, நானே கையெழுத்துப் போட்டிருக்கேன் மேடம்னு சொன்னேன். அழுகை வந்துச்சி, ஆனா சொல்லிட்டேன். அப்பறம் வாங்கிக்கிட்டாங்க. மொதல்லயே சொல்லியிருக்கலாமேன்னாங்க. மதியம் லேப் இருக்கு, நான் போறேன். சாயங்காலம் நெல்லித்தோப்புக்குத்தான் போவேன். ஞாயித்துக்கெழம அங்க வரேம்மா."

செல்வாம்பாள் போனை மேசைமேல் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. கிருஷ்ணசாமி கையிலிருந்த உத்தரவை இரண்டாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இப்ப நாம என்னம்மா செய்யணும்ங்கறீங்க?" என்று கேட்டார். தலைமையாசிரியராக இருந்தவர் அப்படிக் கேட்பது அபூர்வம்.

"பூர்ணிமாவுக்குப் பதினெட்டு ஆக இன்னும் ஏழு மாசம் இருக்கு சார். இன்னிக்கே ஆரம்பிக்கணும். பதினஞ்சு வயசு ஆனதுங்க எல்லாம் மார்க்கெட்டுக்குப் போகட்டும், பஸ் ஏறட்டும், பேங்குக்குப் போகட்டும், தப்புப் பண்ணட்டும். நாம இருக்கறப்பவே பண்ணட்டும். வெளிய போன பொறகும் இருபத்தோரு வயசு வரைக்கும் கூட நிக்க சட்டத்துலயே எடம் இருக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க. அத மேடையில சொல்லுங்க சார், யாரையும் எதிர்பாக்காதன்னு சொல்றதுக்குப் பதிலா. கஷ்டம்னா யாரக் கேக்கணும், எப்பிடிக் கேக்கணும்னு சொல்லிக் குடுக்கணும்."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"ஒரு தூசு படாம வளத்தேன்னு இருபத்திரண்டு வருஷமா பெருமை பேசிக்கிட்டு இருந்தேன் சார். நான் வளக்கல, பத்திரமா வெச்சிருந்தேன், அவ்ளோதான். நாம இல்லாத எடத்துலயும் அதுங்க நல்லா வாழ்ந்தாத்தான் சார், நாம வளத்தோம்னு அர்த்தம்."